சிறிய பல்கலைக்கழகத்தில் தாதிமைப் பட்டம்: முன்பணம் கட்டுமுன் ஆராய வேண்டியவை

தாதிமைப் பட்டம் மற்றப் பட்டங்களைப் போன்றதன்று. வணிகமோ வரலாறோ படித்தவர் பட்டத்தைக் கையில் வாங்கிய மறுநாளே வேலைக்கு விண்ணப்பிக்கலாம். தாதிமை படித்தவரோ பதிவும் உரிமமும் கிடைக்கும்வரை வார்டில் ஒரு நோயாளிக்குப் பேரசிட்டமால் மாத்திரையைக்கூடத் தம் பொறுப்பில் கொடுக்க முடியாது. பொது மருத்துவமனை ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, அவற்றில் பாதிக்காலம் மாணவத் தாதியரை அருகில் நிறுத்திப் பழக்கிய என்னிடம், ஒவ்வோர் ஆண்டும் மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் உறவினர்களும் அண்டைவீட்டாரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் விளம்பர ஏடுகளைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அவற்றில் நான் முதலில் தேடுவது உரிமம் பற்றிய செய்தியைத்தான். பெரும்பாலும் அது கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். சில ஏடுகளில் இருக்கவே இருக்காது.

இரண்டாயிரம், மூவாயிரம் மாணவர்களே படிக்கும் ஒரு சிறிய வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு, குறிப்பாக அமெரிக்காவுக்கு, பிள்ளையைத் தாதிமை படிக்க அனுப்பலாமா என்று யோசிக்கும் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். சிறியது என்பதனாலேயே ஓர் இடம் மட்டமாகிவிடாது. சிறிய துறையில் ஆசிரியருக்கு மாணவரின் பெயர் தெரியும், ஊசி போடும்போது யாருடைய கை நடுங்குகிறது என்பதும் தெரியும். ஆனால் அதே சிறிய துறையில் அனுபவமுள்ள இரண்டு ஆசிரியர்கள் ஒரே பருவத்தில் விலகினாலோ, பக்கத்து ஊர் மருத்துவமனை பயிற்சி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டாலோ, பாடத்திட்டம் முழுவதும் தடுமாறிப்போகும். பெரிய பல்கலைக்கழகம் அத்தகைய அடியைத் தாங்கிக்கொள்ளும். சிறியது தாங்குமா என்பதைத்தான் முன்கூட்டியே பார்க்க வேண்டியிருக்கிறது.

வேலை செய்யப்போகும் நாட்டிலிருந்து தொடங்குங்கள்

முதல் கேள்வி பல்கலைக்கழகத்தைப் பற்றியதே அன்று. படித்து முடித்தபின் பிள்ளை எங்கே வேலை செய்யப்போகிறார் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி ஓரளவாவது முடிவுசெய்யுங்கள். ஏனெனில் தாதியருக்கான உரிமத்தைப் பல்கலைக்கழகம் கொடுப்பதில்லை, அந்தந்த நாட்டின் பதிவு அமைப்பே கொடுக்கிறது. திரும்பி வந்து டான் டோக் செங் மருத்துவமனையிலோ சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையிலோ பணியாற்றும் எண்ணம் இருந்தால், சிங்கப்பூர் தாதியர் வாரியத்தின் இணையப்பக்கத்தில் வெளிநாட்டில் பயின்றவர்களுக்கான விதிகளைப் பல்கலைக்கழக ஏட்டைத் திறக்குமுன் படித்துவிடுங்கள். வாரியம் பட்டத்தின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. படித்த பாடங்கள், மருத்துவமனையில் பயிற்சி பெற்ற நேரம், படித்த நாட்டிலேயே தாதியாகப் பதிவு பெற்றிருக்கிறாரா என்பன போன்றவற்றைப் பார்க்கிறது, இங்குள்ள உரிமத் தேர்வையும் எழுதச் சொல்லலாம். படித்த நாட்டிலேயே பதிவு பெறாமல் பட்டத்தை மட்டும் சுருட்டிக்கொண்டு ஊர் திரும்புவது பலர் செய்யும் பிழை.

உள்ளூர் வழிகளை அலசிப் பார்க்காமல் வெளிநாட்டைப் பற்றிப் பேசுவதும் சரியாகாது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆலிஸ் லீ தாதிமைக் கல்வி நிலையம் 2006ல் முதல் மாணவர்களைச் சேர்க்கும்வரை, இங்கே தாதியாக வேண்டுமானால் பட்டயம் வரைதான். பட்டம் வேண்டியவர் வெளிநாட்டுக்குப் போகவோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பகுதிநேரப் படிப்பில் சேரவோ வேண்டியிருந்தது. இப்போது சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்திலும் பட்டம் பெறலாம். நன்யாங், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டயம் முடித்துப் பதிவு பெற்ற தாதியாகி, வேலை செய்துகொண்டே பட்டத்தைத் தொடரலாம். இந்தக் கடைசி வழியை நம்மவர்கள் தாழ்வாக நினைக்கிறார்கள். என்னோடு வேலை செய்த மிகச் சிறந்த தாதியருள் பலர் அந்த வழியாக வந்தவர்களே.

எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள்

தாதிமைப் பட்டம் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன. ஒன்று, தாதியாகப் பதிவு பெற வழிசெய்யும் முழுப் பட்டம். மற்றொன்று, ஏற்கெனவே பட்டயம் பெற்றுப் பதிவும் பெற்றுவிட்ட தாதியருக்கான மேல்படிப்பு. இதில் வார்டுப் பயிற்சி சிறிதளவே இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. பள்ளி முடித்த பிள்ளை இரண்டாவது வகையில் சேர்ந்தால் எந்த நாட்டிலும் தாதியாக முடியாது. இணையவழியில் ஓராண்டில் தாதிமைப் பட்டம் என்று கண்டால், அது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

அமெரிக்காவில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல பல்கலைக்கழகங்கள் முதலாம் ஆண்டு மாணவரைத் தாதிமைத் துறையில் சேர்ப்பதில்லை. ‘தாதிமைக்கு முந்தைய’ மாணவர் என்ற பெயரில் சேர்த்து, உடற்கூறு, வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களை ஓராண்டோ ஈராண்டோ படிக்கவைத்து, பிறகே துறைக்குள் நுழையப் போட்டியிடச் செய்கின்றன. என் சக தாதி ஒருவரின் மகள் இப்படித்தான் போய்ச் சேர்ந்தாள். சேர்க்கைக் கடிதத்தில் பல்கலைக்கழகத்தின் பெயருக்குக் கீழே தாதிமை என்ற சொல் இருந்ததால் அவளுடைய பெற்றோருக்கு ஐயமே எழவில்லை. இரண்டாம் ஆண்டின் முடிவில் துறைக்கு விண்ணப்பித்தாள், நாற்பது இடங்களுக்குத் தேர்வானவர்களின் பட்டியலில் அவள் பெயர் இல்லை. நான்கு பருவங்களுக்குக் கட்டணம் கட்டி முடித்திருந்த நிலையில், சுகாதார நிர்வாகம் என்ற வேறு படிப்புக்கு மாறும்படி ஆலோசனை சொன்னார்கள். ஆகவே சேர்க்கைக் கடிதம் வந்தவுடன் ஒரே ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள்: “தாதிமைத் துறையின் மருத்துவமனைப் பயிற்சிக் கட்டத்தில் என் மகளுக்கு இப்போதே இடம் உறுதியா, அல்லது பிறகு தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா?” இடம் உறுதி என்றால் எந்த மதிப்பெண் சராசரியைக் காத்துக்கொண்டால் அது நிலைக்கும் என்பதையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கிடைக்கும் பதிலுக்கு மதிப்பில்லை.

பிரிட்டனுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. அங்கே பெரியோர் தாதிமை, குழந்தைத் தாதிமை, மனநலத் தாதிமை, கற்றல் குறைபாடு உடையோருக்கான தாதிமை என நான்கு பிரிவுகள் உண்டு. சேரும்போதே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மனநலப் பிரிவில் இடம் எளிதாகக் கிடைக்கிறது என்று சேர்ந்துவிட்டு, இங்கு வந்து பொது வார்டில் வேலை செய்யலாம் என்று கணக்குப் போடுமுன் நம் வாரியத்திடம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

மூன்று தனித்தனி ஒப்புதல்கள்

‘அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம்’ என்ற சொற்றொடரைக் கண்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் மூன்று அடுக்குகள் உள்ளன. பல்கலைக்கழகம் முழுவதற்குமான அங்கீகாரம் ஒன்று. தாதிமைப் பாடத்திட்டத்துக்கென சிசிஎன்இ, ஏசிஇஎன் போன்ற அமைப்புகள் தரும் அங்கீகாரம் இரண்டாவது. மாணவர்கள் உரிமத் தேர்வு எழுதலாம் என்று அந்த மாநிலத்தின் தாதியர் வாரியம் தரும் ஒப்புதல் மூன்றாவது. இது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் இருந்து பயனில்லை. வாரியத்தின் ஒப்புதலை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவது அங்கீகாரம் இல்லாமல் நடக்கும் துறைகளும் உண்டு. அங்கே படித்தவர் உரிமம் பெற்றுவிடலாம், ஆனால் பிறகு முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பல கதவுகள் திறப்பதில்லை.

இவற்றைப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையப்பக்கத்தில் பார்க்காமல், அங்கீகாரம் தரும் அமைப்பின் பட்டியலிலும் மாநில வாரியத்தின் பட்டியலிலும் பாருங்கள். இரண்டும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருப்பவை. அங்கீகாரம் எந்த ஆண்டு முடிகிறது, அடுத்த ஆய்வு எப்போது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சிசிஎன்இ ஒரு புதிய பாடத்திட்டத்துக்கு அதிகபட்சமாக 5 ஆண்டும், ஏற்கெனவே பெற்றதைப் புதுப்பிக்கும்போது அதிகபட்சமாக 10 ஆண்டும் அங்கீகாரம் தருகிறது. ஆகவே பழைய துறை ஒன்றுக்கு மிகக் குறுகிய காலமே தரப்பட்டிருந்தால் காரணம் கேட்பது நியாயம். ‘அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்துள்ளோம்’ என்பது அங்கீகாரம் ஆகாது.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்பவர்களுக்கு, 2023 ஜனவரியில் அமெரிக்க அதிகாரிகள் வெளிப்படுத்திய மோசடியை நினைவூட்டுகிறேன். ஃபுளோரிடா மாநிலத்தில் மூன்று தாதிமைப் பள்ளிகளின் பெயரில் 7,600க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டிருந்தன. வாங்கியவர்களுள் பலர் உரிமத் தேர்விலும் தேறி வேலைக்கும் சேர்ந்துவிட்டிருந்தனர். மோசடி வெளிப்பட்ட பிறகு மாநில வாரியங்கள் அவர்களின் உரிமங்களை ரத்துசெய்யத் தொடங்கின.

தேர்ச்சி விகிதத்தைப் பிரித்துப் பார்ப்பது

அமெரிக்காவில் தாதியர் எழுதும் உரிமத் தேர்வின் பெயர் என்கிளெக்ஸ். கனடாவின் பெரும்பாலான மாகாணங்களும் 2015 முதல் இதையே பயன்படுத்துகின்றன. கணினியில் எழுதும் இந்தத் தேர்வு, ஒவ்வொரு விடைக்கும் ஏற்ப அடுத்த கேள்வியின் கடினத்தை மாற்றிக்கொள்ளும். குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150, நேரம் 5 மணி. 2023 ஏப்ரலில் புதிய வடிவம் வந்தபின், மனப்பாடத்தைவிட நோயாளியின் நிலையைப் படித்து முடிவெடுக்கும் திறனைச் சோதிக்கும் கேள்விகள் கூடியிருக்கின்றன. முதல் முறை எழுதியவர்களில் எத்தனை விழுக்காட்டினர் தேறினர் என்பதை மாநில வாரியங்கள் பள்ளிவாரியாக வெளியிடுகின்றன. அங்கீகார அமைப்புகள் பொதுவாக 80 விழுக்காட்டை எதிர்பார்க்கின்றன. பல மாநில வாரியங்கள் 75 அல்லது 80க்குக் கீழே இறங்கும் துறைக்கு எச்சரிக்கை விடுத்து, தகுதிகாண் நிலையில் வைத்துவிடுகின்றன.

சிறிய பல்கலைக்கழகத்தில் இந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது, நல்ல எண்ணானாலும் சரி, கெட்ட எண்ணானாலும் சரி. ஓராண்டில் 20 பேர் எழுதி 19 பேர் தேறினால் 95 விழுக்காடு. மறு ஆண்டு 16 பேர் தேறினால் 80. விளம்பரத்தில் முன்னது வானளவு உயரும், பின்னதைக் கண்டு பெற்றோர் பதறுவர். உண்மையில் இரண்டுக்கும் இடையே இருப்பது மூன்று பேர்தான். அவர்களுள் ஒருவர் பிரசவத்துக்குப் பிறகு தயாராகாமல் போய் எழுதியவராக இருக்கலாம். ஆகவே ஓராண்டு எண்ணை ஒதுக்கிவிட்டு ஐந்தாண்டு எண்களை எடுத்து, எழுதியவர்களையும் தேறியவர்களையும் தனித்தனியே கூட்டி, பிறகு வகுத்துப் பாருங்கள். நூறு பேருக்கான கணக்கு ஓரளவு பேசும்.

இதைவிடப் பெரிய மறைப்பு ஒன்று உண்டு. முதலாம் ஆண்டில் 60 பேர் சேர்கிறார்கள் என்று வையுங்கள். வடிகட்டி வடிகட்டி 24 பேரே இறுதிவரை வருகிறார்கள். அவர்களில் 23 பேர் தேறுகிறார்கள். விளம்பரம் 96 விழுக்காடு என்று சொல்லும், அது பொய்யும் அன்று. ஆனால் சேர்ந்த அறுபது பேரில் தாதியானவர்கள் நூற்றுக்கு நாற்பதுக்கும் குறைவு. பல துறைகள் கடைசிப் பருவத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் முன்மாதிரித் தேர்வை வைத்து, அதில் குறிப்பிட்ட மதிப்பெண் பெறாதவரைப் பட்டம் பெறவிடாமல் நிறுத்திவைக்கின்றன. பலவீனமான மாணவர் உரிமத் தேர்வு அறைக்குப் போகாமலே தடுக்கப்படுவதால் துறையின் விகிதம் பளிச்சென்று இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கும் கேள்வி எளிது: “ஐந்தாண்டுக்கு முன் தாதிமைத் துறையில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் உரிய காலத்தில் முடித்தவர்கள் எத்தனை பேர், தேர்வில் தேறியவர்கள் எத்தனை பேர்?” மூன்று எண்கள். நல்ல துறையின் தலைவர் இவற்றைத் தயங்காமல் தருவார். குறைந்திருந்தால் காரணத்தையும் சொல்வார். “எங்கள் மாணவர்கள் சிறப்பாகச் செய்கிறார்கள்” என்ற பதில் வந்தால், அதையும் ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வார்டில் கழியும் நேரம்

என் பார்வையில் முழு ஆராய்ச்சியிலும் எடை மிகுந்தது இந்தப் பகுதிதான். நாட்டுக்கு நாடு அளவுகோல் மாறும். பிரிட்டனில் தாதிமைப் படிப்பு மொத்தம் 4,600 மணி நேரம், அதில் பாதியான 2,300 மணி நேரம் நடைமுறைப் பயிற்சி. ஆஸ்திரேலியாவில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு மருத்துவமனை முதலிய பணியிடங்களில் குறைந்தது 800 மணி நேரம். பொம்மைகளை நோயாளிகளாக வைத்துப் பழகும் உருவகப் பயிற்சியை இதில் சேர்த்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, எனவே அங்கே துறையைத்தான் கேட்க வேண்டும்.

கேட்கும்போது மொத்த மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அதில் உண்மையான நோயாளிகளோடு எத்தனை, ஆய்வுக்கூடப் பொம்மைகளோடு எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். மருத்துவம், அறுவை, பிரசவம், குழந்தைகள், மனநலம், சமூக நலம் ஆகிய ஒவ்வொன்றிலும் எத்தனை மணி நேரம் என்பதையும் கேளுங்கள். ஏனெனில் வேறொரு நாட்டின் பதிவு அமைப்பு பின்னாளில் இந்தப் பிரிவுகளைத் தனித்தனியே கேட்கக்கூடும். சிறிய ஊரில் பிரசவ வார்டே இல்லாத மருத்துவமனைகள் உண்டு. அமெரிக்காவின் கிராமப்புறங்களில் பிரசவப் பிரிவுகள் தொடர்ந்து மூடப்பட்டுவருகின்றன. அங்கே படிக்கும் மாணவி ஒரு பிரசவத்தையும் கண்ணால் பார்க்காமல் பாடத்தை முடித்துவிட வாய்ப்புண்டு.

உருவகப் பயிற்சியை நான் குறைத்துப் பேசவில்லை. அமெரிக்க மாநிலத் தாதியர் வாரியங்களின் தேசிய மன்றம் 2014ல் வெளியிட்ட ஒரு பெரிய ஆய்வு, மருத்துவமனைப் பயிற்சியில் பாதிவரை தரமான உருவகப் பயிற்சியால் ஈடுசெய்தாலும் மாணவரின் திறனில் வேறுபாடு தெரியவில்லை என்று காட்டியது. ஆனால் அந்த ஆய்வில் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும், ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் நிதானமாக அமர்ந்து பேசும் வழக்கமும் இருந்தன. விலையுயர்ந்த பொம்மையை வாங்கி மூலையில் போர்த்தி வைத்திருக்கும் துறைக்கு அந்த முடிவு பொருந்தாது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மூச்சு எண்ணுவது தாதிமையில் முதல் வாரப் பாடம். பொம்மையின் மார்பு, ஆசிரியர் கணினியில் அமைத்தபடி நிமிடத்துக்கு 16 முறை ஏறி இறங்கும். மாணவி எண்ணுவாள், 16 என்று எழுதுவாள். வார்டில் அப்படி நடக்காது. மூச்சை எண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டால் நோயாளியின் மூச்சு மாறிவிடும்; ஆகவே நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, கண்ணை மட்டும் மார்பின் பக்கம் திருப்பி, முழு நிமிடம் எண்ண வேண்டும். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி இப்படி எண்ணத் தொடங்கிய நாற்பதாவது விநாடியில், தமிழ்ப் பாட்டி ஒருவர் “ஏம்மா, கை இவ்வளவு சில்லுன்னு இருக்கு, சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டார். மாணவிக்கு எண்ணிக்கை தவறியது, சிரிப்பும் வந்தது, மறுபடி எண்ணினாள். அப்போதுதான் பாட்டி ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாமல் இடையில் நிறுத்துகிறார் என்பதைக் கவனித்து என்னிடம் ஓடிவந்தாள். எண்ணிக்கை 28. எந்தப் பொம்மையும் அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்காது.

நேரில் போய்ப் பார்க்க வாய்ப்பிருந்தால், வழிகாட்டி அழைத்துச் செல்லும் புதிய கட்டடத்தைவிட்டு ஊசி பழகும் ஆய்வுக்கூடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே இருக்கும் ரப்பர்க் கைகளைத் தொட்டுப் பாருங்கள். முழங்கையின் உட்புறம் துளைகள் நிறைந்து, செயற்கை இரத்தம் கசிந்து கறைபட்டிருந்தால் மகிழுங்கள், மாணவர்கள் பழகுகிறார்கள். மாற்றுத் தோல் அலமாரியில் இருக்கிறதா, மாலையில் மாணவர் தாமாக வந்து பழகக் கூடம் திறந்திருக்குமா என்று கேளுங்கள். போக முடியாதவர்கள் காணொளி அழைப்பில் இதையே காட்டச் சொல்லலாம். நான் அப்படிக் கேட்டபோது ஒரு துறையின் ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் கைப்பேசியோடு அறை முழுவதும் நடந்து காட்டினார். அந்தப் பத்து நிமிடம் முழு ஏட்டையும்விட அதிகம் சொல்லிற்று.

பயிற்சிக்கான மருத்துவமனைகளுக்கு எப்படிப் போவது என்பது, எம்ஆர்டி ரயிலில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்குத் தோன்றாத கேள்வி. அமெரிக்கச் சிற்றூர்களில் பயிற்சி இடம் அறுபது எழுபது கிலோமீட்டர் தொலைவில் இருப்பது இயல்பு. காலை 7 மணிக்கு முன்பே வார்டில் நிற்க வேண்டும், பேருந்து கிடையாது. கார் ஓட்டத் தெரியாத, கார் வாங்க வசதியில்லாத மாணவர் சக மாணவரின் தயவிலேயே படிப்புக்காலத்தைக் கழிக்க வேண்டும். துறையே வண்டி ஏற்பாடு செய்கிறதா என்று கேளுங்கள். அதோடு ஒரு பயிற்சி ஆசிரியரிடம் எத்தனை மாணவர் என்றும் கேளுங்கள். எட்டுக்கு மேல் போனால், மருந்து கொடுக்கும் நேரத்தில் ஒவ்வொருவருக்காகவும் காத்திருந்தே காலைப்பொழுது கழிந்துவிடும்.

மாணவர் கையேட்டைப் படியுங்கள்

பெரும்பாலான தாதிமைத் துறைகள் மாணவர் கையேட்டை இணையத்தில் வைத்திருக்கின்றன, படிப்பவர்தான் இல்லை. மூன்று இடங்களைப் பாருங்கள். தேர்ச்சிக்கு எத்தனை மதிப்பெண்? அமெரிக்கத் தாதிமைத் துறைகள் பலவற்றில் 75 அல்லது அதற்குச் சற்று மேல் எடுத்தால்தான் தேர்ச்சி. எத்தனை பாடங்களில் தவறினால் துறையிலிருந்து நீக்குவார்கள்? இரண்டு என்பது பரவலான விதி. தவறிய பாடம் மறுபடி எப்போது நடக்கும்? சிறிய பல்கலைக்கழகத்தில் பல பாடங்கள் ஆண்டுக்கு ஒரு முறையே நடக்கும் என்பதால், ஒரு பாடத்தில் ஒரு மதிப்பெண் குறைந்தவர் முழு ஆண்டு காத்திருக்க வேண்டும். வெளிநாட்டு மாணவருக்கு அந்த இடைவெளியில் விசா சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

பணம்: உங்களுடையதும் அவர்களுடையதும்

வெளிநாட்டுப் படிப்புக்கு மத்திய சேம நிதியின் கல்விக் கடன் திட்டத்தைப் பயன்படுத்த முடியாது. அது அங்கீகரிக்கப்பட்ட உள்ளூர்ப் படிப்புகளுக்கு மட்டுமே. எம்ஓஎச் ஹோல்டிங்ஸ் நிறுவனம் வழங்கும் சுகாதாரத் துறை உபகாரச் சம்பளங்களைப் பாருங்கள். அவற்றோடு பணிப் பிணைப்பு வரும், ஆனால் தாதியாக வேலை செய்யத்தானே படிக்கிறோம். கட்டணப் பட்டியலில் சேராத செலவுகளையும் கேட்டுக் குறியுங்கள்: சீருடை, மருத்துவக் காப்புறுதி, தடுப்பூசிகள், குற்றப் பின்னணிச் சோதனை, தேர்வுப் பயிற்சி மென்பொருள், உரிமத் தேர்வுக் கட்டணமான 200 அமெரிக்க வெள்ளி. பட்டம் முடித்த வெளிநாட்டு மாணவர் 12 மாதம் அங்கே வேலை செய்ய அனுமதி பெறலாம். ஆனால் சில மாநிலங்கள் உரிமம் வழங்கச் அமெரிக்க அரசு தரும் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கேட்கின்றன, வேலை அனுமதி இல்லாமல் அந்த எண் கிடைக்காது. எந்த மாநிலத்தில் தேர்வுக்கு விண்ணப்பிப்பது என்பதை, முன்பு படித்து முடித்த வெளிநாட்டு மாணவர் ஒருவரைக் கேட்டு முடிவுசெய்வது நல்லது. அப்படி ஒருவர்கூட இதுவரை அங்கே முடித்ததில்லை என்றால், உங்கள் பிள்ளையே முதல் சோதனையாளர் என்பதை உணர்ந்துகொள்ளுங்கள்.

அடுத்தது பல்கலைக்கழகத்தின் பணம். சிறிய தனியார் பல்கலைக்கழகங்கள் மாணவர் குறைவால் மூடப்படுவது அமெரிக்காவில் புதிதன்று. பிலடெல்ஃபியாவின் கலைப் பல்கலைக்கழகம் 2024ல் அறிவிப்பு வந்த ஒரே வாரத்தில் மூடப்பட்டது. அமெரிக்கக் கல்வித் துறை தனியார் நிறுவனங்களுக்கு மைனஸ் 1 முதல் 3 வரை ஒரு நிதிநிலைப் புள்ளி தந்து வெளியிடுகிறது, 1.5க்குக் கீழே இருந்தால் கவலைப்பட வேண்டும். அதே துறையின் ‘காலேஜ் நேவிகேட்டர்’ தளத்தில் கடந்த ஆண்டுகளின் மாணவர் எண்ணிக்கையும் கிடைக்கும். சிங்கப்பூரிலேயே தனியார் கல்வி நிலையம் வழியாக வெளிநாட்டுப் பட்டம் படிப்பதாக இருந்தால், அந்நிலையம் எடுடிரஸ்ட் என்ற தரச் சான்றிதழும் கட்டணப் பாதுகாப்புத் திட்டமும் வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழ்நாட்டில் படிக்க வைக்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. மொழி, உறவினர் வீடு, குறைந்த செலவு எல்லாம் சாதகம்தான். நான்காண்டுப் பட்டத்துக்கு இந்தியத் தாதிமை மன்றத்தின் ஒப்புதலும், கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா என்பதும், படித்தபின் மாநில மன்றத்தில் பதிவு பெறுவதும் அங்கே முதன்மையானவை. மற்றக் கேள்விகள் எல்லாம் மேலே சொன்னவையே.

கேட்பதற்குக் கிடைக்கும் காலம்

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வழக்கமாகப் பிப்ரவரி இறுதியில் வருகின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முன்பணம் கட்டப் பெரும்பாலும் மே 1 கெடு. உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களின் விண்ணப்பக் காலம் இடையிலேயே முடிந்துவிடும், ஆகவே அதை முதலில் அனுப்பிவிட்டு மற்றதைப் பாருங்கள். மின்னஞ்சலுக்கு ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் துறைத் தலைவரோடு காணொளி அழைப்பு கேளுங்கள். கோடைநேரக் கணக்கில் நியூயார்க் நமக்குச் சரியாக 12 மணி நேரம் பின்தங்கியது என்பதால், இங்கே இரவு 9 மணிக்கு அவர்கள் காலை 9 மணிக்கு அலுவலகம் திறந்திருப்பார்கள். அழைப்பில் கேள்விகளைப் பிள்ளையே கேட்கட்டும், பெற்றோர் பக்கத்தில் அமர்ந்து குறிப்பெடுத்தால் போதும். முடிந்த பிறகு, கேட்ட பதில்களை வரிசையாக எழுதி, “நான் புரிந்துகொண்டது சரிதானா?” என்று அதே இரவே துறைத் தலைவருக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள், மே 1க்கு முன் அதற்கு மறுமொழி வராத இடத்துக்கு முன்பணம் அனுப்ப வேண்டாம்.